டிராக்டரில் கியர் விழவில்லையா? இரண்டாகப் பிரிக்கும் முன் மூன்று சோதனைகள்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளையொட்டி, காவிரிப் பாசனப் பகுதியில் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. நாற்றங்கால் ஒரு பக்கம், சேற்றுழவு மறு பக்கம் என்று வேலை நெருக்கும். அந்த நேரத்தில் ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியர் ராடைத் தள்ளுகிறார். "கரகர" என்ற ஓசைதான் வருகிறது, கியர் விழவில்லை. வாய்க்காலில் வந்த நீர் யாருக்காகவும் காத்திருக்காது. நாற்றின் வயதும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

இத்தகைய நிலையில், "கியர் பெட்டி போய்விட்டது" என்பார் ஒருவர். "கிளட்ச் பிளேட் மாற்றினால்தான் சரியாகும்" என்பார் மற்றொருவர். உடனே டிராக்டர் பட்டறைக்குப் போகிறது. டிராக்டரில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று போல்ட்டுகளால் இணைக்கப்பட்டு, அவையே வண்டியின் உடலாகவும் அமைந்துள்ளன. ஆகவே கிளட்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். இது நாட்களை விழுங்கும் வேலை, செலவும் அதிகம். அவ்வாறு பிரித்த பிறகு, கோளாறு வெளியே கிளட்ச் மிதியை இணைக்கும் ஒரு தேய்ந்த ஊசியில்தான் இருந்தது என்று தெரிய வந்தால், போன பட்டம் திரும்பி வராது.

கியர் விழாமைக்கான காரணம் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, வெளியே உள்ள கிளட்ச் மிதியும் அதன் இணைப்புகளும். இரண்டு, உள்ளே உள்ள கிளட்ச். மூன்று, கியர் ராடும் கியர் பெட்டியும். இம்மூன்றில் எது என்பதை, ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே உழவர்கள் தங்கள் களத்து மேட்டிலேயே ஓரளவு கண்டறிய முடியும். அதற்கான முறைகள் இங்கே விளக்கப்படுகின்றன.

கியர் எவ்வாறு விழுகிறது?

எஞ்சினின் பின்புறம் சுழலும் கனமான சக்கரம் பிளைவீல் எனப்படும். அதையொட்டிக் கிளட்ச் பிளேட் உள்ளது. இந்தப் பிளேட்டைப் பிரஷர் பிளேட் பின்னாலிருந்து வில் விசையால் பிளைவீலோடு அழுத்திப் பிடித்துக் கொண்டிருக்கும். இரு உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு தட்டை அழுத்திப் பிடிப்பது போன்றது இது. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் நகர்ந்து பிரஷர் பிளேட்டைப் பின்னுக்கு இழுக்கும், பிடி தளரும். எஞ்சின் சுற்றிக் கொண்டே இருக்கும். ஆனால் கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்த கியர் பெட்டித் தண்டும் நின்றுவிடும்.

தண்டு நின்ற பிறகுதான் கியர்ப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று அமைதியாக நுழையும். ஒரு பக்கம் சுழன்று கொண்டிருக்க, மறு பக்கம் நின்று கொண்டிருந்தால் பல் மீது பல் மோதும். கரகரப்பு ஓசை அந்த மோதலே. ஒவ்வொரு முறை அந்த ஓசை எழும்போதும் பற்களின் முனை சிறிது சிறிதாக உடைகிறது என்று கொள்ள வேண்டும்.

காரில் ஓடும்போதே கியர் மாற்ற முடிகிறதே, டிராக்டரில் ஏன் முடிவதில்லை என்ற ஐயம் எழலாம். ஓடும் மாட்டு வண்டியில் ஏற விரும்புபவர், வண்டியோடு சிறிது தூரம் கூடவே ஓடித்தான் ஏற வேண்டும். கார்களில் இந்தக் 'கூட ஓடும்' வேலையைச் செய்யப் பித்தளை வளையங்களைக் கொண்ட சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு உள்ளது. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இது முதன்முதலாக வந்தது. நம் சிறு உழவர்களிடம் உள்ள டிராக்டர்கள் பலவற்றில் இவ்வமைப்பு இல்லை. ஆகவே வண்டியை நிறுத்திவிட்டே கியர் மாற்ற வேண்டும். சில புதிய டிராக்டர்களில் சில கியர்களுக்கு மட்டும் இவ்வசதி உண்டு. அதைக் கையேட்டில் பார்த்து அறியலாம். ஹை-லோ லிவரைப் பொறுத்தவரை, வண்டியை முற்றிலும் நிறுத்திய பிறகே மாற்றுவது பாதுகாப்பானது.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

டிராக்டரைச் சமமான, திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பி.டி.ஓ. லிவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. குறிப்பாகக் குழந்தைகளை அண்ட விடக் கூடாது. சோதனை செய்பவர் இருக்கையில் அமர்ந்தே செய்ய வேண்டும். கீழே நின்று கொண்டு மிதியையோ லிவரையோ தொடக் கூடாது.

முதல் சோதனை: எஞ்சின் ஓடாதபோது

எஞ்சினை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். கிளட்சை முழுவதும் மிதித்து, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கவும். ஏதேனும் ஒரு கியர் விழாவிட்டால், பல்லுக்கு நேர் பல் வந்து நிற்பதும் காரணமாக இருக்கலாம். மிதியை ஒரு முறை விட்டு மீண்டும் மிதித்து, வேறொரு கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயலவும்.

எஞ்சின் ஓடாதபோது எல்லாக் கியர்களும் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், கியர் பெட்டியைக் குறை கூற வேண்டியதில்லை. கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். எஞ்சின் ஓடாதபோதும் கியர் ராடு இறுக்கமாக இருந்தால், கோளாறு கியர் ராடிலோ கியர் பெட்டியிலோ உள்ளது.

இரண்டாம் சோதனை: எஞ்சின் மெதுவாக ஓடும்போது

கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைக் கிளப்பவும். ஆக்சிலேட்டரைக் குறைந்த நிலையில் வைக்கவும். கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு, ரிவர்ஸ் கியரை மெதுவாகப் போடவும். மூன்று விதமான விடைகள் கிடைக்கலாம்.

1. மிதித்த உடனே போட்டால் கரகரக்கிறது. பத்து எண்ணிய பின் போட்டால் ஓசையின்றி விழுகிறது. கிளட்ச் நன்றாகவே உள்ளது. தண்டு நிற்பதற்கு நேரம் கொடுக்காத அவசரமே குற்றம்.

2. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கரகரக்கிறது. கிளட்ச் பிரியவில்லை.

3. ஓசையே இல்லை, ஆனால் கியர் ராடு கல்லைப் போல் நிற்கிறது. கியர் ராடு, உள்ளே உள்ள போர்க், எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் சோதனை: வண்டி ஊர்கிறதா?

இரண்டாம் சோதனையில் கியர் விழுந்திருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சக்கரக் கட்டைகளை எடுத்துவிட்டு, குறைந்த வேகக் கியரில் போட்டு, மிதியை முழுவதும் அழுத்தியபடியே கைப் பிரேக்கை விடுவிக்கவும். மற்றொரு கால் பிரேக் மிதியின் மேல் தயாராக இருக்கட்டும். சமதரையில் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல ஊர்ந்தால் கிளட்ச் இழுக்கிறது என்பது உறுதி.

இவ்வாறு ஊரும் டிராக்டரைச் சாதாரணமாகக் கருதிவிடக் கூடாது. ரோட்டவேட்டரையோ டிரெய்லரையோ மாட்டும்போது பெரும்பாலும் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நின்று ஊசியைப் பொருத்துகிறார். ஓட்டுநர் கிளட்சை மிதித்திருக்கும் நம்பிக்கையில்தான் அவர் அங்கே நிற்கிறார். கிளட்ச் பிரியாத வண்டி ஓர் அடி பின்னுக்கு ஊர்ந்தாலும் அவர் நசுங்கிவிடுவார். எனவே இக்குறையைச் சரிசெய்யும் வரை, எஞ்சினை நிறுத்தாமல் எவரையும் டிராக்டருக்கும் கருவிக்கும் இடையே நிற்க விடக் கூடாது. குறை இல்லாத வண்டியிலும் எஞ்சினை நிறுத்திவிட்டு மாட்டுவதே நல்ல பழக்கம்.

கிளட்ச் பிரியாததற்கான காரணங்கள்

வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போவதுதான் முறை. செலவு குறைந்தவை வெளியேதான் உள்ளன.

மிதியின் தளர்வு: கிளட்ச் மிதியைக் கையால் மெல்ல அழுத்தினால், தொடக்கத்தில் தடையின்றி இறங்கும், பிறகு கனமாகும். தடையின்றி இறங்கும் தூரமே தளர்வு அல்லது பிரீ பிளே எனப்படும். எஞ்சினை நிறுத்தி, மிதிக்கும் தரைத் தகட்டுக்கும் இடையே அடிக்கோலை நிறுத்தி, மிதி மேலே உள்ளபோது ஓர் அளவும், கனம் தட்டும்போது ஓர் அளவும் எடுத்தால் வித்தியாசமே தளர்வு. பல டிராக்டர்களில் இது ஏறத்தாழ 20 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். அந்தந்த வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் தரப்பட்டிருக்கும். அதையே பின்பற்ற வேண்டும்.

தளர்வு அதிகமானால், மிதி இறங்கும் தூரத்தின் பெரும் பகுதி வீணாகி, கிளட்ச் பாதிதான் பிரியும், கியர் கரகரக்கும். தளர்வு இல்லாமற் போனால், ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக் கொண்டே இருக்கும், பிளேட் வழுக்கும், எஞ்சின் முழங்கினாலும் வண்டி இழுக்காது. கியர் விழாமை ஒரு முனை, வண்டி இழுக்காமை மறு முனை. பிளேட் தேயத் தேயத் தளர்வு குறையும். இணைப்புகள் தேயத் தேயத் தளர்வு கூடும். எனவே எந்தப் பக்கம் அளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்தே தேய்மானம் எங்கே என்று ஊகிக்கலாம்.

தளர்வைச் சரிசெய்ய, மிதியையும் கிளட்ச் கையையும் இணைக்கும் ராடில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, ராடின் நீளத்தை ஒரு சுற்று மாற்றி, மீண்டும் அளக்க வேண்டும். ஒரே மூச்சில் பல சுற்றுகள் திருப்பக் கூடாது. அளவு வந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறந்துவிடக் கூடாது. மறந்தால் ஒரு வாரத்தில் பழைய கதையே திரும்பும்.

இணைப்புகளின் தேய்மானம்: ராடின் இரு முனைகளிலும் உள்ள ஊசிகள், அவை நுழையும் துளைகள், மிதி சுழலும் தண்டு, அதன் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சேற்றுழவு செய்யும் வண்டியில் சேறும் மணலும் புகுந்து இவற்றை அரம் போல் தேய்த்துவிடும். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவம் ஆகியிருந்தால், எவ்வளவு சரிசெய்தாலும் அளவு நிற்காது. ஊசியையும் புஷ்ஷையும் மாற்றுவது சிறு செலவே. கிரீஸ் நிப்பிள் இருந்தால், சேற்றைத் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வெளிவரும் வரை அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் சேற்றையும் சேர்த்து உள்ளே தள்ளுவதாகும்.

மிதியின் கீழ்த் தடை: மிதியடி, கயிறு, காய்ந்த சேற்றுக் கட்டி முதலியவை மிதியின் கீழ் சிக்கி, அது முழுவதும் இறங்காமல் தடுப்பதுண்டு. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பிளேட் ஒட்டிக் கொள்ளுதல்: அறுவடைக்குப் பின் மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியைப் பருவத் தொடக்கத்தில் கிளப்பும்போது மட்டும் கியர் விழாவிட்டால், ஈரத்தால் துருப்பிடித்துப் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக் கொண்டிருக்கலாம். இதை விடுவிக்க வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுப்பது ஆபத்தானது. அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டே செய்ய வேண்டும். வருமுன் காப்பதே எளிது. நீண்ட நாள் நிறுத்தும்போது மிதியை அழுத்தி வைத்துப் பூட்டும் கொக்கி பல டிராக்டர்களில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பிளேட் ஒட்டாது. கூரைக்குக் கீழ் நிறுத்துவதும், இடையிடையே கிளப்பிச் சிறிது ஓட்டுவதும் நலம்.

கிளட்ச் அறையில் நீரும் எண்ணெயும்: கிளட்ச் அறையின் அடியில் சிறு வடிகால் துளை இருக்கும். சேற்றுழவின்போது நீர் உள்ளே ஏறாமலிருக்க அதை மூடுவதற்குத் திருகு மூடி தரப்பட்டிருந்தால், வயலில் இறங்கும் முன் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் உள்ளே சேரும் நீரும் எண்ணெயும் வெளியேற வழியின்றிப் பிளேட்டைக் கெடுக்கும். துளையிலிருந்து எண்ணெய் சொட்டினால், எஞ்சினின் பின்புற ஆயில் சீலோ, கியர் பெட்டியின் முன்புற ஆயில் சீலோ போயிருக்கிறது.

உட்புறக் கோளாறுகள்: மேலே கூறியவை எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் பிரியாவிட்டால் மட்டுமே உள்ளே சந்தேகப்பட வேண்டும். நெளிந்த பிளேட், உயரம் மாறிய பிரஷர் பிளேட் விரல்கள், தேய்ந்த போர்க், பிளைவீலின் நடுவே இறுகிப் போன பைலட் பேரிங் ஆகியவை காரணமாகலாம். மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சென்ற ஓசை வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இவற்றுக்குத்தான் வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகள்: இவற்றில் மிதியைப் பாதி அழுத்தினால் வண்டி நிற்கும்; முழுவதும் அழுத்தினால்தான் பி.டி.ஓ. நிற்கும். கியர்கள் நன்றாக விழுந்து, பி.டி.ஓ. லிவர் மட்டும் கரகரத்தால், மிதி முழுவதும் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறங்கியும் கரகரத்தால் இரண்டாம் நிலைச் சரிசெய்தலை மெக்கானிக்கிடம் கூற வேண்டும். கியர் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

கியர் பெட்டிப் பக்கக் காரணங்கள்

எண்ணெய்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கருவியைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்து, அளவுக் கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் பற்களும் போர்க்குகளும் வறண்டு இறுகும். பால் கலந்த காப்பி போன்ற நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது. ஐயமிருந்தால், சூடேற்றிய உலர்ந்த இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு எண்ணெயைத் தொலைவிலிருந்து விடலாம். "சடசட"வென்று வெடித்தால் நீர் இருக்கிறது. எண்ணெய் தெறிக்குமாதலால் முகத்தை நெருக்கி வைக்கக் கூடாது. டிராக்டருக்கும் டீசலுக்கும் அருகில் இதைச் செய்யவும் கூடாது.

நீர் எங்கிருந்து வந்தது? கியர் ராடின் அடியில் உள்ள ரப்பர் உறையை உழவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது கிழிந்திருந்தால் மழை நீரும், வண்டி கழுவும் நீரும் நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்கும். சிறு விலையுள்ள இந்த உறையை மாற்றாமல் விடுவதால், பேரிங்கும் பற்களும் துருப்பிடித்து அழிகின்றன. உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும்.

எண்ணெயின் வகையும் முக்கியம். சில வண்டிகளில் கியர் பெட்டி, ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அவற்றில் கையில் கிடைத்த கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் கியர் இறுகுவதோடு, ஹைட்ராலிக்கும் பிரேக்கும் கெடும். கையேட்டில் குறித்த வகையைத் தவிர வேறு ஊற்றக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் காலையில் மட்டும் கியர் இறுக்கமாக இருந்து, வண்டி சூடேறியதும் சரியானால், குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதே காரணமாகலாம்.

எண்ணெய் மாற்றும்போது வடி திருகில் காந்தம் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். மை போன்ற நுண்ணிய இரும்புப் பொடி இயல்பான தேய்மானம். பளபளக்கும் சில்லுகள் இருந்தால் பற்கள் உடைந்து கொண்டிருக்கின்றன. வண்டியை மேலும் ஓட்டக் கூடாது.

கியர் ராடும் போர்க்கும்: எல்லாக் கியர்களும் இறுக்கமாக இருந்தால் கியர் ராடின் அடிக் குமிழ், அதன் கிண்ணம், எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் விழாவிட்டால், அக்கியருக்குரிய போர்க் வளைந்திருக்கலாம் அல்லது பல்முனை சிதைந்திருக்கலாம். விழுந்த கியர் ஓடும்போது தானே கழன்று வந்தால், அதைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம், பற்களும் தேய்ந்திருக்கலாம். அத்தகைய வண்டியில் சுமையோடு சரிவில் இறங்கக் கூடாது.

விழுந்த கியர் வெளிவராவிட்டால்: சரிவில் கியரில் போட்டு நிறுத்திய வண்டியின் பாரம் முழுவதும் பற்களின் மேல் விழுவதால், கியர் எடுக்க வராது. பிரேக்கையும் கிளட்சையும் நன்றாக மிதித்து, சிறிது நேரம் விட்டு எடுத்தால் வந்துவிடும். ராடை உதைப்பதும் சுத்தியால் தட்டுவதும் போர்க்கை வளைக்கும். கியர் சிக்கிய வண்டியைக் கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரு டிரைவரால் இணைத்துக் கிளப்பும் வழக்கம் உயிரைக் குடிக்கக் கூடியது. வண்டி கிளம்பிய கணமே கிளப்பியவர் மீது ஏறிவிடும்.

கோளாறை வளர்க்கும் பழக்கங்கள்

கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்துக் கொண்டே உழுவது, ரிலீஸ் பேரிங்கையும் பிளேட்டையும் தேய்க்கும். வேலை இல்லாத போது காலைத் தரைத் தகட்டில் வைக்க வேண்டும். கையைக் கியர் ராடின் மேல் ஓய்வாக வைப்பதும் தவறு. அந்தப் பாரம் உள்ளே போர்க்கை ஓயாமல் உரசச் செய்யும். அரைக் கிளட்சில் வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது பிளேட்டைக் கருக்கும். சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது மிகவும் கொடிது. வேகம் எடுத்த டிராக்டரில் மீண்டும் கியர் விழாது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

காய்கறி ஏற்றும் வேன், கார் வைத்திருப்போருக்கு

முதல் இரண்டு சோதனைகளும் இவற்றுக்கும் பொருந்தும். இவற்றில் பலவற்றில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும். மிதியை இரண்டு மூன்று முறை அடித்து அடித்து மிதித்தபின் கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் கசிகிறது. கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தின் அளவைப் பார்க்க வேண்டும். கேபிள் உள்ள வண்டிகளில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது கியர்கள் நன்றாக விழுந்து, ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியருக்கு மாற்றும் வேளையில் மட்டும் கரகரத்தால், அக்கியரின் சிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருக்கலாம்.

பட்டறைக்குப் போகும்போது

வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், மூன்று சோதனைகளில் கண்டவற்றை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். எஞ்சின் அணைந்த நிலையில் கியர் விழுகிறதா, காத்திருந்தால் ஓசை நிற்கிறதா, எந்தக் கியர், வண்டி ஊர்கிறதா, மிதியின் தளர்வு எத்தனை மி.மீ., எண்ணெயின் நிறம் என்ன என்ற ஆறு விவரங்களும் இருந்தால் போதும். நல்ல மெக்கானிக்குக்கு இது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

பிரிக்கும்போது பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுவது சிக்கனம் ஆகாது. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல்கள், பிளைவீலின் முகம், போர்க் ஆகியவற்றையும் அப்போதே பார்த்து, தேய்ந்தவற்றை மாற்ற வேண்டும். ஒரு சீலுக்காக மீண்டும் வண்டியைப் பிரித்தால் கூலி இரட்டிப்பாகும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நலம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

* நாள்தோறும்: மிதி தடையின்றி இறங்கி ஏறுகிறதா, கிளட்ச் அறைத் துளையில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்கவும்.

* வாரம் ஒரு முறை: மிதியின் தளர்வு, இணைப்பு ஊசிகள், கியர் ராடின் ரப்பர் உறை, கியர் பெட்டி எண்ணெயின் அளவும் நிறமும்.

* சேற்றுழவு முடிந்ததும்: திருகு மூடியைக் கழற்றி வடிய விடவும், மிதித் தண்டைக் கழுவிக் கிரீஸ் போடவும்.

* கையேட்டில் குறித்த மணிக் கணக்கில்: கியர் பெட்டி எண்ணெயை மாற்றவும். நீர் கலந்திருந்தால் மணிக் கணக்கை எதிர்பாராமல் உடனே மாற்றவும்.

* பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு: மூன்று சோதனைகளையும் செய்யவும். அப்போது குறை தெரிந்தால் பட்டறையில் காத்திருக்க நேரம் உண்டு.

வாடகை டிராக்டரை நம்பியுள்ள சிறு உழவர்களுக்கும் இவ்விவரங்கள் பயன்படும். தம் வயலில் இறங்கும் வண்டி கரகரக்கிறதா, கிளட்சை மிதித்தும் ஊர்கிறதா என்று அவர்கள் கவனிக்கலாம். ரோட்டவேட்டர் மாட்டும் இடத்தில் தம் பிள்ளைகளையும் கூலியாட்களையும் விலகி நிற்கச் செய்யலாம். கியர் விழாத வண்டியை வலிந்து தள்ளாமல், முதலில் எஞ்சினை அணைத்துப் போட்டுப் பார்க்கும் ஒரு வழக்கத்தை மேற்கொண்டாலே, வீண் செலவும் வீணாகும் நாட்களும் பெருமளவு குறையும், பட்டமும் தப்பாது.